பிராணவாயுவும் ஒரு மருந்தே: அழுத்த அறைச் சிகிச்சையின் நன்மையும் ஆபத்தும்



ஆண்டு மலரில் வழக்கமாகத் தல வரலாற்றைப் பற்றியோ திருமுறைகளின் சிறப்பைப் பற்றியோ எழுதுகின்ற நான், இம்முறை ஒரு மருத்துவச் செய்தியை எழுத முன்வந்திருப்பதற்குக் காரணம் உண்டு. 2025ஆம் ஆண்டு நடைபெற்ற நமது பொதுக்கூட்டத்தில், அறக்கட்டளையின் நீண்டகாலப் புரவலர் ஒருவர் எழுந்து, காலஞ்சென்ற தம் துணைவியாரின் நினைவாக உயர் அழுத்தப் பிராணவாயு அறை ஒன்றை வாங்கித் தர விரும்புவதாக அறிவித்தார். இலவச மருத்துவ முகாம் நடைபெறும் நம் மண்டபத்திலேயே அதனை வைக்கலாம், பக்தர்கள் அனைவரும் பயன்பெறலாம் என்பது அவர் எண்ணம். கூட்டத்தினர் பலமாகக் கைதட்டினார்கள். பின்னர்ச் செயலவை கூடி ஆராய்ந்து, அந்த நன்கொடையை அந்த வடிவில் ஏற்க இயலாது என்று முடிவு செய்தது. அம்முடிவை முதலில் வற்புறுத்தியவன் அடியேன்தான்.

"நல்ல மனத்தோடு கொடுப்பதை ஏன் மறுத்தீர்கள்?" என்று பலர் என்னிடம் கேட்டனர். சிலர் மனம் வருந்தவும் செய்தனர். அவர்களுக்கு விடை சொல்லும் கடமை எனக்கு உண்டு. நான் மருத்துவன் அல்லன். தமிழ்ப்பள்ளியில் அறிவியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். ஆயினும் இந்த அறையைப் பற்றி என் குடும்பம் பாடம் படிக்க நேர்ந்தது. அதனை உள்ளது உள்ளபடி இங்கே எழுதுகிறேன்.

அந்த இரவு

2019ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். தீபாவளிக்கு இன்னும் நான்கு நாட்கள் இருந்தன. பேராக் மாநிலத்தில் என் அண்ணன் வசிக்கும் தாமானில் மாலையிலிருந்தே காற்றும் மழையும். இருட்டும் நேரத்தில் மின்சாரம் நின்றுவிட்டது. பலகார வேலை பாதியில் கிடந்தது. இரவு வேலைக்குப் புறப்பட்ட அண்ணன் மகன், சிறிய ஜெனரேட்டர் ஒன்றைக் கொண்டு வந்து, மழையில் நனையாமல் இருக்கட்டும் என்று சமையலறையை ஒட்டிய பின்கட்டுக் கூரையின் கீழ் வைத்து ஓடவிட்டுப் போனான். சாரல் அடிக்கிறது என்று சன்னல்களை எல்லாம் அடைத்திருந்தார்கள். அண்ணி தம் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். வீட்டில் இருந்தவர்கள் அண்ணனும், ஆறு மாதக் கர்ப்பிணியான மருமகளும் மட்டுமே.

இரவு 11 மணிவாக்கில் இருவருக்கும் தலைவலி, பிறகு வாந்தி. எண்ணெய்ப் பலகாரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து, இஞ்சித் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துவிட்டனர். தொலைபேசியில் அழைத்தும் யாரும் எடுக்கவில்லையே என்று பயந்து, மகன் விடியற்காலை 2 மணிக்கு வீடு திரும்பினான். அண்ணன் நாற்காலியில் சாய்ந்தபடி குழறிக்கொண்டிருந்தார். மருமகள் குளியலறை வாசலில் நினைவிழந்து கிடந்தாள். இருவரையும் வாசலுக்கு இழுத்துக் கொண்டுவந்து போட்டுவிட்டு 999க்கு அழைத்தான். அடுத்து எனக்கு அழைத்தான்.

நான் மருத்துவமனைக்குச் சென்றபோது இருவருக்கும் முகமூடி வழியாகப் பிராணவாயு செலுத்திக் கொண்டிருந்தனர். அண்ணன் விரலில் மாட்டியிருந்த கருவி 98 என்று காட்டியது. "நன்றாகத்தானே இருக்கிறது, டாக்டர்?" என்று கேட்டேன். இளவயது டாக்டர் அவர். நன்றாகத் தமிழ் பேசினார். "அந்த எண்ணை நம்பாதீர்கள் ஐயா. இந்த நச்சைப் பொறுத்தவரை அந்தக் கருவி ஏமாந்துவிடும். இரத்தத்தை எடுத்துச் சோதித்துப் பார்த்துவிட்டோம்" என்றார். மருமகளின் இரத்தச் சிவப்புப் பொருளில் நூற்றுக்கு 28 பங்கும், அண்ணனுக்கு 24 பங்கும் நச்சுவாயு பற்றியிருந்தது.

நச்சு செய்யும் வேலை

அந்த நச்சின் பெயர் கார்பன் மோனாக்சைடு. நாம் மூச்சில் வெளிவிடும் கரியமில வாயு வேறு, இது வேறு. பெட்ரோல், டீசல், கரி, விறகு, எரிவாயு ஆகிய எந்த எரிபொருளும் போதிய காற்றின்றி எரியும்போது இது பிறக்கிறது. நிறம் இல்லை, மணம் இல்லை, கண்ணை எரிக்காது, இருமலும் வராது. ஆகவேதான் தூங்குபவர் தூக்கத்திலேயே போய்விடுகிறார்.

மாணவர்களுக்குச் சொல்வதுபோல் சொல்கிறேன். நம் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் என்னும் சிவப்புப் பொருளை, நான்கு பேர் அமரக்கூடிய டாக்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். நுரையீரலில் பிராணவாயு ஏறிக்கொள்கிறது. மூளை, இதயம் முதலிய இடங்களில் இறங்கிக்கொள்கிறது. கார்பன் மோனாக்சைடு என்ற பயணி ஏறினால் எளிதில் இறங்கமாட்டார். பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேலாக இறுக்கமாக இருக்கையைப் பற்றிக்கொள்வார். அதுமட்டுமன்று, பக்கத்து இருக்கையில் உள்ள பிராணவாயுவையும் இறங்கவிடாமல் தடுப்பார். டாக்சிகள் நிறைந்து ஓடும். ஆனால் மூளைக்குச் சேரவேண்டியது சேராது. விரல் கருவி டாக்சி நிறைந்திருக்கிறதா என்று மட்டுமே பார்க்கும்; உள்ளே இருப்பவர் யார் என்று அதற்குத் தெரியாது. கொரோனா காலத்தில் நம்மில் பலர் அந்தக் கருவியை வாங்கி வைத்திருக்கிறோம். இந்த ஆபத்தில் அதனை நம்பி வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது.

நச்சை இறக்கிவிட வழி, பிராணவாயுவைப் பெருவாரியாக ஏற்றுவதே. சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் உடலில் உள்ள நச்சு பாதியாகக் குறைய ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். முகமூடி வழியாகச் சுத்தமான பிராணவாயுவைக் கொடுத்தால் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகும். அழுத்த அறையில் மூன்று மடங்கு அழுத்தத்தில் கொடுத்தால் அரை மணி நேரத்திற்குள் பாதியாகிவிடும்.

அழுத்த அறையின் வரலாறு

அழுத்த அறை என்பது கனமான உலோகத்தாலோ, தடித்த ஒளிபுகும் பிளாஸ்டிக்காலோ செய்யப்பட்ட காற்றுப்புகாத அறை. சிலவற்றில் ஒருவர் மட்டும் படுக்கலாம். சிலவற்றில் பலர் அமரலாம், தாதியும் உடன் இருக்கலாம். உள்ளே அழுத்தத்தைக் கூட்டி, நோயாளிக்குச் சுத்தமான பிராணவாயுவைக் கொடுப்பார்கள். சோடா புட்டியில் அழுத்தத்தால் வாயு நீரில் கரைந்திருப்பது போல, அழுத்தம் கூடும்போது பிராணவாயு இரத்த நீரிலேயே கரைகிறது. சாதாரணமாக 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் இவ்வாறு கரைந்திருப்பது 0.3 மில்லிலிட்டர்தான். மூன்று மடங்கு அழுத்தத்தில் அது ஏறக்குறைய 6 மில்லிலிட்டர் ஆகிறது. டாக்சி கிடைக்காவிட்டாலும் பயணிகள் கூட்டங்கூட்டமாக நடந்தே போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள் என்று கொள்ளலாம்.

ஸ்காட்லாந்து அறிஞர் ஜான் ஸ்காட் ஹால்டேன் 1895ஆம் ஆண்டிலேயே இதனைச் சுண்டெலியைக் கொண்டு காட்டினார். இரண்டு மடங்கு அழுத்தமுள்ள பிராணவாயுவில், நச்சுவாயு கலந்திருந்தும் எலி பிழைத்திருந்தது. 1960ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் அறுவை மருத்துவர் போரெமா, இரத்தச் சிவப்புப் பொருளை ஏறக்குறைய முழுவதும் நீக்கிய பன்றிகளை அழுத்த அறையில் உயிரோடு வைத்துக் காட்டினார். அதே ஆண்டில் கிளாஸ்கோ நகர மருத்துவர்கள் கார்பன் மோனாக்சைடு நச்சுற்றவர்களுக்கு இச்சிகிச்சையைத் தொடங்கினர். ஆழ்கடலில் மூழ்குவோருக்கு வரும் நோய்க்கும் இதே அறைதான் மருந்து. அதனால்தான் நம் நாட்டில் கடற்படைத் தளம் உள்ள லூமுட்டில், இராணுவ மருத்துவமனையில் இத்தகைய அறை உள்ளது. சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையிலும் இதற்கெனத் தனிப்பிரிவு இயங்குகிறது.

ஒரே வீடு, இரண்டு முடிவுகள்

இவ்வளவு படித்ததும் உங்களுக்குத் தோன்றுவதே அன்று எனக்கும் தோன்றியது. "இருவரையும் உடனே அந்த அறைக்கு அனுப்புங்கள்" என்றேன். அண்ணன் மகனும் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான். டாக்டர் எங்களை ஓரமாக அழைத்து உட்கார வைத்தார்.

"மருமகளை அனுப்புகிறேன். நினைவிழந்திருக்கிறார், வயிற்றில் குழந்தை இருக்கிறது. தாயின் இரத்தத்திலிருந்து நச்சு போன பிறகும் குழந்தையின் இரத்தத்தில் அது தங்கியிருக்கும். பெரியவரை அனுப்பமாட்டேன்" என்றார்.

"வயதானவர் என்பதாலா?" என்று சற்றுக் கோபமாகவே கேட்டுவிட்டேன்.

"இல்லை, ஐயா. அவருடைய பழைய படங்களைப் பார்த்தேன். நாற்பது வருடம் புகைத்ததால் நுரையீரலில் பெரிய காற்றுப் பைகள் உண்டாகியிருக்கின்றன. அறையில் அழுத்தம் குறையும்போது அந்தப் பைக்குள் சிக்கிய காற்று விரியும். பை வெடித்தால் நெஞ்சுக்குள் காற்று நிறைந்து நுரையீரலையும் இதயத்தையும் அமுக்கும். அறைக்கு வெளியே என்றால் ஓர் ஊசியைக் குத்திக் காற்றை வெளியேற்றிவிடுவேன். அறைக்குள் அழுத்தத்தில் இருக்கும்போது சட்டென்று கதவைத் திறக்க முடியாது. அவருக்கு நினைவு இருக்கிறது. முகமூடியிலேயே தேறி வருகிறார். வரக்கூடிய நன்மையைவிட வரக்கூடிய ஆபத்து அவருக்கு அதிகம்" என்றார்.

இதற்குள் மருமகளுக்கு முகமூடியின் பயனால் நினைவு திரும்பியிருந்தது. "குழந்தை?" என்பதுதான் அவள் கேட்ட முதல் சொல். டாக்டர் அவளிடமே ஒவ்வோர் ஆபத்தையும் நிதானமாகச் சொன்னார். அவளே கையொப்பமிட்டாள்.

அறைக்குள் உள்ள ஆபத்துகள்

அன்று டாக்டர் சொன்னவற்றையும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டவற்றையும் வரிசையாகத் தருகிறேன்.

முதலாவது, காது. மிகுதியாக வரும் தொல்லை இதுவே. விமானம் தரையிறங்கும்போது காது அடைப்பதை அறிவீர்கள். மூன்று மடங்கு அழுத்தம் என்பது கடலில் 20 மீட்டர் ஆழத்தில் இருப்பதற்குச் சமம். விழுங்கியும், மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதியும் காதைச் சமன்படுத்த வேண்டும். சளி பிடித்திருந்தால் கடினம். செவிப்பறையில் இரத்தம் கட்டலாம்; கிழியவும் கூடும். நினைவிழந்தவருக்கு இவ்வாறு செய்ய இயலாது என்பதால், சில வேளைகளில் மருத்துவர்களே செவிப்பறையில் சிறு துளை இடுவர்.

இரண்டாவது, நுரையீரல். மேலே சொன்னதுதான். அரிதாக நிகழ்வது, ஆனால் நிகழ்ந்தால் உயிருக்கு ஆபத்து. நெஞ்சுக்குள் காற்றுக் கசிவு இருந்து, அதற்குச் சிகிச்சை செய்யப்படாதவரை இந்த அறைக்குள் அனுப்பவே கூடாது என்பது மருத்துவ விதி.

மூன்றாவது, வலிப்பு. பிராணவாயு அளவுக்கு மிஞ்சினால் அதுவே மூளைக்கு நஞ்சாகும். இதனை 1878ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் பால் பெர்ட் எழுதி வைத்தார். அதனால்தான் சிகிச்சையின் நடுவே சில நிமிடங்கள் பிராணவாயுவை நிறுத்திச் சாதாரணக் காற்றைச் சுவாசிக்கச் செய்கிறார்கள். மற்ற நோய்களுக்காக அறைக்குச் செல்வோரைவிட இந்த நச்சுற்றவர்களுக்கு வலிப்பு வரும் வாய்ப்பு அதிகம். அவர்கள் மூளை ஏற்கெனவே அடிபட்டிருக்கிறது. கொடுக்கும் அழுத்தமும் அதிகம். பிராணவாயுவை நிறுத்தினால் வலிப்பு பொதுவாக நின்றுவிடும். ஆயினும் அதனை அறிந்து செயல்படப் பயிற்சி பெற்றவர் அருகில் இருக்க வேண்டும்.

நான்காவது, இதயமும் சர்க்கரையும். இதயம் பலவீனமானவர்களுக்கு அறைக்குள் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். நீரிழிவு உள்ளவர்களுக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். நம் சமூகத்தில் இவ்விரண்டும் எவ்வளவு பெருகியுள்ளன என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஐந்தாவது, தீ. சாதாரணக் காற்றில் அணைந்துவிடும் பொறி, பிராணவாயு மிகுந்த அறையில் நொடிப்பொழுதில் பெருந்தீயாகும். 1997ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் இத்தாலியின் மிலான் நகர மருத்துவமனை ஒன்றில் அழுத்த அறை தீப்பற்றி 11 பேர் மாண்டனர். 2025ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் தனியார் நிலையம் ஒன்றில் ஐந்து வயதுச் சிறுவன் அறைக்குள்ளேயே தீயில் மாண்டான். அதனால் கைத்தொலைபேசி, தீப்பெட்டி, செவிக்கருவி, நைலான் துணி, தைலம் எதுவும் உள்ளே போகக் கூடாது. எங்கள் மருமகள் தலைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்திருந்தாள். கூந்தலைப் பருத்தித் துணியால் இறுகச் சுற்றி மூடினார்கள். நகைகளைக் கழற்றச் சொன்னபோது தாலியும் கழற்ற வேண்டியதாயிற்று. விவரம் அறிந்து ஓடி வந்திருந்த அண்ணி ஒரு கணம் தயங்கினார். பிறகு தாமே கழற்றித் தம் முந்தானையில் முடிந்துகொண்டார். "குழந்தை வரட்டும், கட்டிக்கொள்ளலாம்" என்றார்.

ஆறாவது, பயணம். அறை எல்லா ஊரிலும் இல்லை. மயங்கிய நோயாளியை ஆம்புலன்சில் நெடுந்தூரம் கொண்டுசெல்வதே ஓர் ஆபத்து. வழியில் மூச்சு நின்றாலும் இதயம் தடுமாறினாலும் முழு மருத்துவமனையின் வசதி அங்கே கிடைக்காது. அறையை நாடிச் செல்வதற்காக முகமூடிப் பிராணவாயுவைத் தாமதப்படுத்துவதோ இடையில் நிறுத்துவதோ பெருந்தவறு.

ஆய்வுகள் சொல்வது

இத்தனை ஆபத்துகளையும் ஏற்று அறைக்குள் சென்றால் நன்மை உறுதியா? இதில்தான் மருத்துவ உலகமே இன்னும் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை.

முகமூடியோடு இரண்டு மணி நேரம் பயணம் செய்து சேர்வதற்குள் இரத்தத்தில் உள்ள நச்சு பெரும்பகுதி போய்விடுகிறது. ஆகவே அறையின் நோக்கம், பின்னால் வரக்கூடிய மூளைப் பாதிப்பைத் தடுப்பதுதான். இந்த நச்சின் வஞ்சகம் அதில்தான் இருக்கிறது. நன்றாகத் தேறி வீடு திரும்பியவருக்குச் சில நாட்களோ வாரங்களோ கழித்து மறதி, குழப்பம், நடைத் தளர்ச்சி வரலாம்.

ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் 191 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆய்வு 1999ஆம் ஆண்டில் வெளிவந்தது. அறைச் சிகிச்சையால் நன்மை இல்லை என்றது அது. அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் 152 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆய்வு 2002ஆம் ஆண்டில் வெளிவந்தது. முகமூடி மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 46 பேருக்கு ஆறு வாரத்தில் நினைவாற்றல் முதலியவற்றில் பாதிப்பு இருந்தது என்றும், அறைச் சிகிச்சை பெற்றவர்களில் அது 25 பேருக்கே இருந்தது என்றும் அது கூறியது. இத்தகைய ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு, நன்மை நிலைநாட்டப்படவில்லை என்று 2011ஆம் ஆண்டில் முடிவு கூறியது. ஆய்வுகளில் பொதுவாகக் கர்ப்பிணிகளைச் சேர்ப்பதில்லை. எனவே எங்கள் மருமகளை அனுப்பியதும், குழந்தையைக் கருதி மருத்துவர் சீர்தூக்கி எடுத்த முடிவுதான். கணக்குப் போட்டு வந்த விடை அன்று.

இன்று மருத்துவர்கள் பெரும்பாலும், நினைவிழந்தவர், கர்ப்பிணி, இதயமோ மூளையோ பாதிக்கப்பட்டவர், நச்சின் அளவு மிக அதிகமானவர் ஆகியோரையே இந்த அறைக்கு அனுப்புவதைப் பற்றி யோசிக்கிறார்கள். அதிலும் காலம் கடந்தால் பயன் குறைவு. முதல் ஆறு மணி நேரம் முக்கியம் என்பர்.

பின்னர் நடந்தது

மருமகள் அறைக்குள் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் இருந்தாள். அழுத்தம் ஏறத் தொடங்கியதுமே காதில் கடும் வலி. மழைக்காலச் சளி வேறு இருந்தது. உடனிருந்த தாதி கைகாட்ட, அழுத்தத்தைச் சற்றுக் குறைத்து மிக மெதுவாக மீண்டும் ஏற்றினார்கள். மூன்று வாரம் வரை ஒரு காது சரியாகக் கேட்கவில்லை, பிறகு குணமாகிவிட்டது. 2020ஆம் ஆண்டு சனவரியில் பெண் குழந்தை பிறந்தது. இன்று பாலர் பள்ளி செல்கிறாள். அம்பாள் சந்நிதியில் மணி அடிக்க முதலில் ஓடுவது அவள்தான்.

அண்ணன் மூன்றாம் நாளே வீடு திரும்பினார். தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் அளவுக்குத் தேறியிருந்தார். மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை. வழக்கம்போல் புத்தகம் இல்லாமல் தேவாரம் பாட நின்றவர், மூன்றாம் பாட்டின் நடுவில் நின்றுவிட்டார். என்னைத் திரும்பிப் பார்த்து, "தம்பி, அடுத்து என்ன?" என்று கேட்டார். ஐம்பது ஆண்டுகளாக அவர் பாடிய பதிகம் அது. அதன்பின் பல மாதங்கள் நடை தளர்ந்து, பேச்சுக் குறைந்து, வீட்டுக்கு வழி தெரியாமல் தடுமாறினார். ஓராண்டில் பெரும்பகுதி தேறினார் என்பது இறைவன் கருணை. இன்றும் பாடுகிறார், கையில் புத்தகம் இருக்கிறது.

அந்த டாக்டரிடமே போய்க் கேட்டேன். "அன்று அண்ணனையும் அறைக்கு அனுப்பியிருந்தால் இது வந்திருக்காதா?" அவர் நேராக என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "வந்திருக்காமலும் இருக்கலாம். வந்தும் இருக்கலாம். அறையிலேயே நாம் அவரை இழந்தும் இருக்கலாம். யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, ஐயா. அன்று தெரிந்ததை வைத்துத்தான் முடிவெடுத்தேன்."

அந்த விடை எனக்கு ஆறுதல் தரவில்லை. ஆனால் அதில் பொய் இல்லை. ஆசிரியனாக இருந்தவன் என்ற முறையில் அந்த நேர்மையை மதிக்கிறேன்.

நன்கொடை ஏன் ஏற்கப்படவில்லை

இப்போது புரவலரின் நன்கொடைக்கு வருகிறேன். அவரிடம் விற்பனையாளர் கொடுத்திருந்த அறை, மருத்துவமனையில் உள்ளதைப் போன்றது அன்று. தடித்த துணியால் ஆன, ஜிப் வைத்து மூடும் கூடாரம். அதில் சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல் 1.3 மடங்குதான் ஏற்ற முடியும். கார்பன் மோனாக்சைடு நச்சுக்கு மருத்துவமனைகள் கொடுப்பது இரண்டரை முதல் மூன்று மடங்கு. நச்சுற்ற ஒருவரை இந்தக் கூடாரத்தில் படுக்க வைத்தால், முகமூடியோடு மருத்துவமனையில் இருக்க வேண்டிய பொன்னான நேரத்தைத்தான் வீணாக்குவோம்.

துண்டறிக்கையில் ஆட்டிசம் முதல் முதுமைவரை அனைத்தும் குணமாகும் என்று இருந்தது. இத்தகைய விளம்பரங்களை நம்பி ஏமாற வேண்டாம் என்றும், ஆட்டிசம் போன்றவற்றுக்கு இச்சிகிச்சை அங்கீகரிக்கப்படவில்லை என்றும் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2013ஆம் ஆண்டிலேயே எச்சரித்துள்ளது. மருத்துவரோ பயிற்சி பெற்ற தாதியோ எப்போதும் இல்லாத நம் மண்டபத்தில், சூடமும் விளக்கும் எரியும் ஆலய வளாகத்தில், இந்த அறையை வைப்பது முறையன்று.

தானம் சிறந்தது. ஆனால் மருந்தைத் தானம் செய்யும்போது, அதனைக் கொடுக்கத் தெரிந்தவரும் உடன் இருக்க வேண்டும். இதனை நான் புரவலரின் வீட்டுக்கே சென்று, என் அண்ணனின் கதையோடு எடுத்துச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்படியானால் அந்த இரவு வராமல் இருக்க என்ன வாங்க வேண்டும், வாத்தியாரே?" என்று கேட்டார்.

அவ்வாறு பிறந்ததுதான் இப்போது நம் அறக்கட்டளை வழங்கிவரும் வாயு எச்சரிக்கைக் கருவித் திட்டம். அம்மையாரின் நினைவாக, வசதி குறைந்த குடும்பங்களுக்குக் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவிகள் இலவசமாக வழங்கப்படுகின்றன. யாகசாலைக்கும் அன்னதானக் கூடத்திற்கும் காற்று வெளியேற்றும் விசிறிகள் பொருத்தப்பட்டுள்ளன. குளிர்சாதனம் போட்டு மூடிய அறையில் ஓமம் வளர்ப்பதும் கைவிடப்பட்டுள்ளது.

நாம் செய்ய வேண்டியவை

ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ, கூரைக் கொட்டகையிலோ, சன்னல் அருகிலோ ஓட்டாதீர்கள். குறைந்தது 20 அடி தள்டித் திறந்த வெளியில் வையுங்கள். கேமரன் மலை போன்ற குளிர்ந்த இடங்களில் கரியடுப்பை அறைக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ கொண்டுசெல்லாதீர்கள். பயணத்தின் இடையே காரை நிறுத்தி, இயந்திரத்தை ஓடவிட்டுச் சன்னலை மூடித் தூங்காதீர்கள். பெருவிழாக்களுக்குத் தொலைவிலிருந்து வரும் அன்பர்கள் இதனை மனத்தில் கொள்ள வேண்டும்.

ஒரே வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, மயக்கம், வாந்தி வந்தால் உணவை மட்டும் சந்தேகிக்காதீர்கள். உடனே வெளியே வாருங்கள், மற்றவர்களையும் வெளியேற்றுங்கள். 999க்கு அழையுங்கள், சிங்கப்பூர் அன்பர்கள் 995க்கு அழைக்கவும். "வீட்டில் ஜெனரேட்டர் ஓடியது" அல்லது "கரியடுப்பு எரிந்தது" என்று மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள். அழுத்த அறைக்கு அனுப்பலாம் என்று அவர் கூறினால், நுரையீரல் நோய், காது நோய், வலிப்பு, நீரிழிவு, இதய நோய், கர்ப்பம் எதனையும் மறைக்காமல் தெரிவியுங்கள். அனுப்ப வேண்டாம் என்று கூறினால், அதற்கும் காரணம் இருக்கும், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வீடு திரும்பிய பிறகும் ஆறு வாரங்கள் வரை மறதியோ தடுமாற்றமோ தெரிகிறதா என்று கவனியுங்கள்.

வெள்ளிக்கிழமை மாலையில் நம் ஆலயத்திற்கு வருபவர்கள், முன் வரிசையில் புத்தகத்தைக் கையில் ஏந்திப் பாடும் முதியவரையும், அவர் வரியைத் தவறவிட்டால் விரலால் தொட்டுக் காட்டும் சிறு பெண்ணையும் பார்த்திருப்பீர்கள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் உங்கள் வீட்டு ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

எல்லாம் வல்ல இறைவன் திருவருளால் அனைவரும் நலமுடன் வாழ்க.